ஆபரேஷன் ஒன்றுதான் வழியா? கருத்தடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டி, பிரஷர் பார்க்கும் கருவி, கர்ப்பிணிகள் பதிவேடு இவற்றோடு கருத்தடை மாத்திரையும் நிரோத்தும் என் பையில் எப்போதும் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஒண்ணு கேட்கலாமா?" என்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் இப்போது போனில் கேட்பவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் மனதில் வைத்து எழுதியது. அங்கே கருத்தடைக்குக் காசு கிடையாது.

எனக்கு 24 வயசு, ரெண்டு குழந்தை. வீட்டில் எல்லோரும் "ஆபரேஷன் பண்ணிடு" என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, மூன்று மாத ஊசி, வார மாத்திரை, தினசரி மாத்திரை, ஆணுறை, கணவருக்கான ஆபரேஷன் என்று இத்தனை இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்கிறார்கள் என்றால் அது பழக்க தோஷம்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கு.க., அதாவது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், செய்துகொண்டவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் 37.9. மனைவிக்குப் பதிலாகக் கணவர் செய்துகொண்டது தமிழ்நாட்டில் 0.1 சதவீதம்தான். ரெண்டாவது பிரசவம் முடிந்ததும் அதே வார்டில் டியூபை, அதாவது கருமுட்டை வரும் குழாயை, கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான், அத்தைக்கும் அப்படித்தான், உனக்கென்ன என்று கேட்பார்கள்.

இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952-ல் உலகிலேயே முதலில் கொண்டுவந்தது இந்தியா. 1950-களிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது சென்னை மாகாணம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செவிலியர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை கேஸ் என்று இலக்கு இருந்தது. மார்ச் மாதம் நெருங்கினால் தூக்கம் வராது. யாரைப் பார்த்தாலும் எத்தனை பிள்ளை என்ற எண்ணம்தான் ஓடும். 1995-ல் தமிழ்நாடு, கேரளா முழுவதும் அந்த இலக்கை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நாடு முழுக்க எடுத்தார்கள். காகிதத்தில் இலக்கு போய்விட்டது. ஆனால் "ரெண்டு பிள்ளையா, கட்டிடு" என்ற பேச்சு இன்னும் வார்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

யோசித்துப் பார்த்து, எனக்கு இனி பிள்ளை வேண்டாம், ஆபரேஷன்தான் நிம்மதி என்று நீங்களே முடிவு செய்தால் அது நல்ல முறை. தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் கவலை இல்லை. ஆனால் அந்த முடிவைப் பிரசவ வலியில் எடுக்காதீர்கள். ஏழாவது எட்டாவது மாதத்திலேயே கணவரோடு பேசி வையுங்கள். மனசு இரண்டாக இருந்தால் காப்பர் டி போட்டுக்கொண்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அவசரமே இல்லை.

வேண்டும் என்றால் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

அவிழ்ப்பதற்கு அது முடிச்சில்லை. குழாயின் ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள், அல்லது வளையம் போட்டு நெரித்திருப்பார்கள். மறுபடி இணைப்பது பெரிய ஆபரேஷன். வயது, எவ்வளவு குழாய் மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே கு.க. செய்திருந்தவர்கள். குழாயை மறுபடி இணைக்க அரசு உதவியது. சிலர் மடியில் மறுபடி குழந்தை வந்தது, பலருக்கு வரவில்லை. "அவிழ்த்துக்கலாம்" என்று யாராவது லேசாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

பிரசவம் ஆன உடனே காப்பர் டி வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவே இல்லை. இது சரியா?

சரியில்லை. பிரசவமானதும், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள், காப்பர் டி வைப்பது மருத்துவ ரீதியாகப் பாதுகாப்பானது. அதைத் தாண்டினால் ஆறு வாரம் காத்திருந்து வைக்க வேண்டும். முறை நல்ல முறைதான். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதே விளக்கிச் சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகுதான் வைக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு பெண், குழந்தை பிறந்து நாலு மாசம் கழித்து, தையல் நூல் வெளியே வருகிறது என்று பயந்துபோய் வந்தாள். பார்த்தால் காப்பர் டி நூல். தனக்குள் அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. கூட வந்த மாமியாருக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டின் மூலையில் மட்டும் ஒரு வரி, அதுவும் இங்கிலீஷில். "என் உடம்புக்குள்ள வைக்கிறதை எங்கிட்ட சொல்ல மாட்டாங்களா சிஸ்டர்?" என்று அழுதாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. "இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பினால், "எனக்கு வேண்டாம், இன்றைக்கே எடுங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள். எடுக்கச் சொல்வதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமா?

போகாது. கர்ப்பப்பை மூடிய பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம், அதுவும் வயிற்றுக்குள்தான் இருக்கும், ஸ்கேனில் தெரியும். நிஜமாகவே நடப்பது வேறு: முதல் மூன்று மாதம் மாதவிலக்கில் ரத்தம் கூடுதலாகப் போகும், வயிற்றுவலி இருக்கும். பலருக்குத் தானாகச் சரியாகும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் இதைச் சொல்லிவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். 380ஏ என்ற வகை 10 ஆண்டு, 375 என்ற வகை 5 ஆண்டு. எதை வைத்தார்கள், என்ன தேதி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாத ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்காதா?

தங்காது. 'அந்தரா' ஊசியில் உள்ள ஹார்மோன் கர்ப்பப்பையின் உள் படலத்தை வளரவிடாமல் செய்கிறது. வளராத படலம் எப்படி வெளியே வரும்? அதனால்தான் மாதவிலக்கு வருவதில்லை. சிலருக்கு முதலில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் படும், அப்புறம் நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போட்டால், அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனதும் கர்ப்பம் என்று பயந்து பெண்கள் ஓடிவருகிறார்கள், ரெண்டாவது ஊசிக்கு வருவதே இல்லை.

மாதவிலக்கு ஆரம்பித்த 7 நாளுக்குள் முதல் ஊசி. தாய்ப்பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி 6 வாரம் கழித்துப் போடலாம். அடுத்த ஊசிக்கு நாள் தவறினால் 4 வாரம் வரை அவகாசம் உண்டு. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. நிறுத்திய பிறகு மறுபடி கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். ஆறு மாதத்தில் அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றதில்லை.

சாயா மாத்திரை என்கிறார்களே, அது என்ன? தினமும் போட வேண்டுமா?

வேண்டாம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை அது. கடையில் 'சஹேலி' என்ற பெயரில் 1991 முதல் இருக்கிறது, அரசு இலவசமாகத் தருவதுதான் சாயா. இதில் ஹார்மோன் இல்லை. பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மாதவிலக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஞாயிறும் புதனும். திங்கள் வந்தால் திங்களும் வியாழனும். நான் என்ன செய்வேன் என்றால், அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையே கழற்றி வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கும் அந்த இரண்டு கிழமைகளில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். பால்காரர் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, அதோடு இதுவும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. படிக்கத் தெரியாத ஒரு அக்கா அந்த வட்டத்தை நம்பியே நாலு வருஷம் ஓட்டினார்.

மாதவிலக்கு தள்ளிப்போகலாம், பயப்பட வேண்டாம். 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தினசரி மாத்திரையில் ஒரு நாள் மறந்துவிட்டால்?

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. கடைசி 7 இரும்புச்சத்து. ஒன்று மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் ஒன்றை உடனே போட்டுத் தொடருங்கள், 7 நாளைக்கு ஆணுறையும் வேண்டும். பிரஷர் உள்ளவர்கள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்கள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் வேறு முறைக்குப் போக வேண்டும்.

பால் கொடுக்கிறேன், இன்னும் தீட்டு வரவில்லை. கரு தங்குமா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும்தான், மாதவிலக்கும் வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று மாறினாலும் கரு தங்கும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடும் என்பதால், தீட்டே வராமல் அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும்.

நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது.

72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சென்னையில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்பார்கள். கடை கடையாக ஏறி நேரத்தைப் போக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஈசி பில்' என்று கேளுங்கள். 5 நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டாலும் கரு தங்காது. இந்த மாத்திரை தங்கிய கருவைக் கலைக்காது. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை செய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஆபரேஷன் செய்துகொள்ளத் தயார் என்கிறார். அவருக்குப் பலம் குறைந்துவிடாதா? மாமியார் அழுகிறார்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஊரில் ஆண்கள் பயப்படுவது காளைக்குக் காயடிப்பதை நினைத்துத்தான். காயடிப்பது விதையையே நசுக்குவது. இங்கே விதையைத் தொடுவதே இல்லை. விந்தணு வரும் மெல்லிய குழாய் இரண்டையும் ஒரு சின்னத் துளை வழியாக எடுத்து அடைக்கிறார்கள், அவ்வளவுதான். ஹார்மோன் அப்படியே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆசையும் பலமும் அப்படியே இருக்கும். விந்தும் வெளிவரும், அதில் உயிரணு மட்டும் இருக்காது.

தையல் இல்லாத இந்த முறையை 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்குச் சைக்கிள் மிதிப்பதும் மூட்டை தூக்குவதும் வேண்டாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் ஆபத்தும் வலியும் குறைவு.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன அன்றே பலன் கிடைக்காது. குழாயில் மிச்சமிருக்கும் உயிரணு வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. அப்புறம் விந்துப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த பிறகுதான் நம்பலாம். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட, மனைவிக்கு நாள் தள்ளிப்போய், குடும்பத்தில் சந்தேகம் வெடித்த வீடுகளுக்கு நான் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பெண்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆண்கள் இதை விட்டு விலகியதற்கு நெருக்கடி நிலைக்காலமும் ஒரு காரணம். 1976-ல் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். 1976–77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கோபத்துக்குப் பிறகு எந்த அரசும் ஆண்களிடம் பேசத் துணியவில்லை. பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் வந்து இறங்கியது.

பெண்களுக்கான ஆபரேஷன் பாதுகாப்பானதா?

ஒழுங்கான ஆபரேஷன் தியேட்டரில், கிருமி நீக்கிய கருவிகளோடு, அவசரமில்லாமல் செய்தால் பாதுகாப்பானது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புழக்கத்தில் இல்லாத ஒரு கட்டிடத்தில், ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 2012-ல் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு நேரத்தில் 53 பெண்களுக்குச் செய்தார்கள். அதை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூக ஆர்வலர் தொடுத்த வழக்கில்தான், இப்படி முகாம் போட்டுச் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசின் விதி.

உங்களுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு குழந்தையாவது ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். பிரசவமான 7 நாளுக்குள் செய்யலாம், தவறினால் 6 வாரம் கழித்து.

கு.க. செய்தும் கர்ப்பமானால்?

இருநூறில் ஒருவருக்கு நடக்கலாம். நாள் தள்ளிப்போனால் உடனே போங்கள், காரணம் குழாயிலேயே கரு தங்கும் ஆபத்து உண்டு. ஆபரேஷன் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். தோல்வியடைந்தால் இழப்பீடு தர அரசுத் திட்டம் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் கேட்க முடியாது.

கணவர் கையெழுத்துப் போட வேண்டுமா?

வேண்டாம். கு.க. ஆபரேஷனுக்கு உங்கள் சம்மதம் போதும். கருக்கலைப்புக்கும் 18 வயது தாண்டிய பெண்ணின் சம்மதம் போதும், சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பல இடங்களில் "அவரைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒரு விதியே இல்லை.

கலைக்க வேண்டும் என்று போனேன். "ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்போம்" என்கிறார்கள்.

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கோபம் வரும். அப்படி நிபந்தனை போட யாருக்கும் அதிகாரம் கிடையாது. கலைத்த பிறகு கருத்தடை பற்றி எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இரண்டே வாரத்தில் மறுபடி கரு தங்க வாய்ப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது என்று பேரம் பேசினால், அந்தப் பெண் எங்கே போவாள்? கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தம் நிற்காமல், 108-ல் வந்து சேருவாள்.

கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது, 2021-ல் திருத்தப்பட்டது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்கள் கருத்தோடு. கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு அனுமதியோடு அதற்குப் பிறகும் முடியும். பெயர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பார்ப்பார்களா?

பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில், கல்யாணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணுறை, மாத்திரை எதற்கும் தாலியைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் முகம் சுளிப்பார்கள், புத்திமதி சொல்வார்கள். அதற்காகத் திரும்பிவிடாதீர்கள். அவ்வளவு தூரம் தைரியமாக வந்த பிள்ளையை வைவது எங்கள் வேலை இல்லை என்று கூட வேலை பார்த்தவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம்.

இப்போதுதான் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கருத்தடை?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்விலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். உண்மைதான். அன்று குறைத்துப் பெறு என்றார்கள், இன்று சில தலைவர்கள் கூட்டிப் பெறு என்கிறார்கள். இரண்டிலும் கணக்குப் போடுபவர் வேறு, சுமப்பவர் வேறு. கருத்தடையை மற்றவர்கள் நாட்டு வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் கேட்கிறார்கள், நாங்கள் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று 1930-களிலேயே பெரியார் எழுதினார். 1994-ல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் கூடி, எத்தனை பிள்ளை, எப்போது என்பது அந்தந்தத் தம்பதியின், அந்தந்த மனிதரின் உரிமை என்று ஒப்புக்கொண்டன. மூன்று பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்கும் அதே உரிமைதான்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா?

முடியும். இதற்கு ஊசிதான் தோது. வீட்டில் அட்டை, பாக்கெட் எதுவும் இருக்காது. தடுப்பூசி போடும் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல வந்து போட்டுக்கொண்டு போகலாம். ஊசி போட்ட தேதி எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதை எடுத்துப்போகப் பயமாக இருந்தால் செவிலியரிடமே கொடுத்து வையுங்கள். என் மேசை இழுப்பறையில், தடுப்பூசி ரசீதுகளுக்கு அடியில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எப்போதும் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அதைப் புதிதாக வந்த சிஸ்டரின் கையில் கொடுத்து, ஒவ்வொருவரும் அடுத்து எந்த வாரம் வருவார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.